முகம் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது

கேள்வி இது: தங்கையின் திருமணத்துக்குப் பணம் கொடுத்து அமர்த்திய புகைப்படக்காரர், மணமகளின் படங்கள் சிலவற்றைத் தம் ஸ்டுடியோவின் சமூக ஊடகப் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார். நீக்கச் சொன்னால், “படம் எடுத்தவன் நான், காப்பிரைட் என்னுடையது” என்கிறார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு இப்படிப் பேசலாமா, இரண்டில் எது பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் விஷயத்தைப் பார்த்துவிடலாம். அவர் சொல்வது பெரும்பாலும் தவறு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆசிரியரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் அந்த விதியைச் சொல்லும் 17-ஆம் பிரிவே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணத்துக்காக எடுக்கப்பட்ட புகைப்படம் என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். திருமணப் புகைப்படங்கள் இந்த விலக்குக்குள் அப்படியே அடங்கும். ஆசிரியர் என்ற முறையில் 57-ஆம் பிரிவு தரும் சிறப்பு உரிமைகள் அவருக்கு உண்டு. படம் தாம் எடுத்தது என்று உரிமை கோரலாம், தம் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தட்டிக் கேட்கலாம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அதில் வராது.

ஒப்பந்தம் என்று எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை எடுத்துப் பாருங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தரும் ரசீதின் அடியில், பொடி எழுத்தில், “படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு” என்று ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். நீங்கள் கையெழுத்திடாத ரசீதில் அந்த வரி இருப்பதாலேயே அது உங்களைக் கட்டுப்படுத்திவிடாது; அது ஒப்பந்தம்தானா என்பதையே நீங்கள் மறுக்கலாம். பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அப்படியே மாற்றிக் கொடுத்திருந்தாலும், காலம் குறிப்பிடவில்லையென்றால் 5 ஆண்டுதான் செல்லும்; இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். பெரும்பாலான ஸ்டுடியோக்களின் படிவங்கள் இந்த இரண்டையும் கண்டுகொள்வதே இல்லை.

ஆக, உங்கள் தரப்பிலிருந்து அனுப்பும் நோட்டீஸில் முதல் வரி, படங்களின் பதிப்புரிமை உங்களுடையது என்பதாக இருக்கட்டும். இரண்டாவது, நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலை, சட்டம் இடம் தராத வகையில் பிறருக்கு வெளியிடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. திருமண ஆல்பம் அந்த வரையறைக்குள் வரும் என்று வாதாட நல்ல இடமிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். வழக்குரைஞர்கள் பலர் ஏன் இந்த வழியை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத விஷயம். அதற்கெல்லாம் முன்பு, அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டை முற்றியதும் பதிவை நீக்கிவிட்டு, நாங்கள் போடவே இல்லை என்பார்கள்.

ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிட வேண்டும். மேலே ‘உங்கள்’ என்று எழுதினேன். பதிப்புரிமை உண்மையில் உங்கள் குடும்பத்தில் யாருக்கு? புகைப்படக்காரரை அமர்த்திப் பணம் கொடுத்தவருக்கு. அது அப்பாவாக இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டாராக இருக்கலாம். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு, அவரே பணம் கொடுத்திருந்தால் ஒழிய, அந்தப் படத்தில் பதிப்புரிமை கிடையாது. நாளை குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்து, பணம் கொடுத்த தரப்பே அந்தப் படங்களைப் பொதுவெளியில் போட்டால், பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பெண்ணுக்காக ஒரு விரலையும் அசைக்காது. நீங்கள் கேட்ட கேள்வி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

பதிப்புரிமை, ஒரு படைப்பை ஆக்கியவரையோ அதற்குப் பணம் போட்டவரையோ காப்பதற்கு வந்தது. படைப்புக்குள் இருக்கும் மனிதர் அதன் கணக்கிலேயே வருவதில்லை. தெருவில் யாரோ ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, “ஒரு படம் எடுங்கள்” என்கிறோமே, சட்டத்தின் எழுத்துப்படி அந்தப் படத்தின் ஆசிரியர் அவர்தான். முகம் என்பது யாரும் ஆக்கிய படைப்பு ஆகாது என்பதால் முகத்துக்குப் பதிப்புரிமை இல்லை. கடிதத்திலும் இப்படித்தான்: உங்களுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, அதிலுள்ள வாசகம் எழுதியவருடையது. வாட்ஸ்அப்பில் வந்த நீண்ட செய்திக்கும் இதே கதி.

ஆனால் அந்தப் புகைப்படக்காரர் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார். பதிப்புரிமை என்பது மற்றவர்கள் நகலெடுப்பதைத் தடுக்கும் உரிமை. வேறு சட்டங்கள் தடுக்கும் காரியத்தைச் செய்ய அது அனுமதிச் சீட்டு ஆகாது. அவதூறான கட்டுரைக்கும் பதிப்புரிமை உண்டு. அதனால் அதை வெளியிடலாம் என்று ஆகிவிடுமா? இங்கிலாந்தில் 1888-இல் கிட்டத்தட்ட உங்கள் வழக்கே நடந்தது. ஒரு பெண்மணி ஸ்டுடியோவில் பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் அதைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கிக் கடை ஜன்னலில் விற்பனைக்கு வைத்துவிட்டார். நெகட்டிவ் தன்னிடம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு இருந்த பலம். படம் எடுக்கச் சொன்ன ஒப்பந்தத்துக்குள்ளேயே, வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தமாட்டேன் என்ற உறுதியும், ஒரு நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது என்று சொல்லி நீதிமன்றம் தடை விதித்தது. இன்றைக்கும் இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டு உபயோகத்துக்காக எடுக்கச் சொன்ன படங்களுக்குத் தனி அந்தரங்க உரிமை ஒரு பிரிவாகவே இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

இனி அடிப்படை உரிமைக்கு வருவோம். நம் அரசியல் சாசனத்தில் அந்தரங்கம் என்ற பெயரில் ஓர் உறுப்புரை கிடையாது. 1954-இல் எட்டு நீதிபதிகள் அமர்வும், 1962-இல் ஆறு நீதிபதிகள் அமர்வும் அப்படியோர் உரிமையை ஏற்க மறுத்தன. இந்தக் கதையில் பெரிய திருப்பம் தமிழ்நாட்டிலிருந்துதான் கிளம்பியது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடப் போனபோது, சிறைத்துறை அதைத் தடுக்கப் பார்த்தது. காவல்துறை, சிறைத்துறை அதிகாரிகள் சிலருக்கு அவருடன் இருந்த தொடர்புகள் அதில் இருந்தன என்பது விவகாரம். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஒருவரது குடும்பம், திருமணம், மகப்பேறு, கல்வி போன்றவற்றை, உண்மையோ பொய்யோ, அவர் சம்மதமின்றி யாரும் வெளியிடக்கூடாது; அது 21-ஆம் உறுப்புரை தரும் வாழ்வுரிமையில் அடங்கியது. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்ட செய்திக்கு அந்தக் காப்பு இல்லை. அரசு அதிகாரிகள் தங்கள் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்கவும் முடியாது; வெளியிடும் முன்பே பத்திரிகையைத் தடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. இதழ் பிழைத்தது. ஒரு கைதியின் கதையை முன்னிட்டு நாட்டில் எல்லோருக்கும் ஓர் உரிமை கிடைத்தது.

பிறகு ஆதார் வழக்கில் மத்திய அரசு அந்தப் பழைய இரு தீர்ப்புகளையும் தூசு தட்டி எடுத்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதிட்டது. அதற்காகவே ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூடி, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகப் பதில் சொன்னது: அடிப்படை உரிமைதான். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்த உரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிய நடவடிக்கையாக இருக்கக்கூடாது.

‘அரசு’ என்ற சொல்லில்தான் உங்கள் புகைப்படக்காரர் தப்பிக்கிறார். அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பேச்சுரிமை முதலியவற்றைத் தரும் 19, வாழ்வுரிமை தரும் 21 ஆகிய உறுப்புரைகளின் உரிமைகளைத் தனியார் மீதும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது உண்மை. அதற்காக ஒரு கல்யாண ஆல்பத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பே அதிகம். 1994 தீர்ப்பே அந்தரங்கத்துக்கு இரண்டு முகம் என்றது. ஒன்று அரசுக்கு எதிரான அரசியல் சாசன உரிமை. மற்றொன்று யார் மீறினாலும் இழப்பீடு கேட்கும் சாதாரண உரிமையியல் உரிமை. உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது. அது உரிமையியல் வழக்கு. எவ்வளவு நாள் இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிப்புரிமை உங்களுடையது என்று ஒரு தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால், 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி அது 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை மறைக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு பெற்றுக் கொடுத்தால் மறைத்தது மறைத்ததுதான். அதே தளத்துக்கு, “இது என் அந்தரங்கத்தை மீறுகிறது” என்று எழுதினால், நிர்வாணம், பாலியல் காட்சி, ஆள்மாறாட்டம், உருமாற்றிய படம் என்றால் மட்டுமே மிக விரைவான கெடு. 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளிவந்தபோது அதற்கு 24 மணி நேரம் வைத்தன. மற்ற புகார்கள் தளத்தின் குறைதீர் அலுவலரின் மேசைக்குப் போகும். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். பட்டுப் புடவையில் நிற்கும் மணமகளின் படம் விரைவு வரிசையில் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படமெடுப்பதைத்தான் தண்டிக்கிறது.

நீதிமன்றங்களும் இந்த ஏற்றத்தாழ்வைக் கூட்டியிருக்கின்றன. இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இணையத் தளங்கள் ஒரு பதிவை நீக்க நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வேண்டும் என்றது. பேச்சுரிமைக்குத் தேவையான காப்பு அது. அடுத்த ஆண்டே டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமை விஷயத்தில் அவ்வளவு வேண்டாம், உரிமையாளர் குறிப்பாக எழுதித் தெரிவித்தாலே போதும் என்றது. சினிமா, இசை நிறுவனங்களுக்கு அது நல்ல தீர்ப்பு. வழக்குத் தொடுப்பதிலும் பதிப்புரிமைக்காரருக்கு வசதி அதிகம்: எதிரி எங்கே இருந்தாலும், தாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. மீறியவருக்கு 63-ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றம் அது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எது பெரியது என்று கேட்டால், ஏட்டில் அந்தரங்கம் பெரியது, நடைமுறையில் பதிப்புரிமைக்குப் பல் கூர்மை. அதனால்தான் உலகம் முழுவதும் மக்கள் தங்கள் அந்தரங்கத்தைக் காக்கப் பதிப்புரிமையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இது இணையம் வந்த பிறகு கண்டுபிடித்த தந்திரமும் இல்லை. அந்தரங்க உரிமையே பதிப்புரிமையின் வயிற்றில் பிறந்ததுதான். விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பொழுதுபோக்காகச் செதுக்கிய குடும்பச் சித்திரங்களின் அச்சுப் பிரதிகள் கள்ளத்தனமாக வெளியே போய், ஒரு பதிப்பாளர் கையில் சிக்கின. கண்காட்சி வைக்கவும், அவற்றை விவரிக்கும் பட்டியல் ஒன்றை விற்கவும் அவர் திட்டமிட்டார். 1849-இல் நீதிமன்றம் அந்தப் பட்டியலைக்கூட வெளியிடக்கூடாது என்றது. வெளியிடாத படைப்பின் மீதான உரிமை என்ற பெயரில் காப்பாற்றப்பட்டது, உண்மையில் ஒரு குடும்பத்தின் வீட்டு வாழ்க்கை. 1890 டிசம்பரில் அமெரிக்க வழக்குரைஞர்கள் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றிக் கட்டுரை எழுதியபோது இந்த வழக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வெளியிடாத கடிதத்தைச் சட்டம் காப்பது சொத்து என்பதற்காக அல்ல, எழுதியவரின் ஆளுமைக்காக என்பது அவர்கள் வாதம். அவர்களைக் கவலைப்பட வைத்தவை அன்றைய புதிய கருவிகள்: நொடியில் படமெடுக்கும் கேமராவும், வம்புச் செய்தி விற்கும் நாளிதழ்களும்.

இந்தப் பழைய உறவு இன்றும் சில வழக்குகளில் அப்படியே தெரியும். பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் மனைவி, சசெக்ஸ் கோமகள் மேகன் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தை லண்டனின் ஞாயிறு செய்தித்தாள் ஒன்று வெளியிட்டது. அந்தரங்க மீறல், பதிப்புரிமை மீறல் என்று ஒரே கடிதத்துக்கு இரண்டு கோரிக்கைகள் வைத்தார். 2021-இல் இரண்டிலும் வென்றார். எழுதியவரே பாதிக்கப்பட்டவராகவும் இருந்ததால் இரண்டும் பொருந்தின. அதே ஆயுதம் கைகொடுக்காத வழக்கும் இருக்கிறது. சாகசப் படம் என்று நம்பி நடித்த ஓர் அமெரிக்க நடிகையின் காட்சியை, குரலை மாற்றி, மத நிந்தனைக் காணொளி ஒன்றில் ஒட்டி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. 5 வினாடி நடிப்புக்கும் தமக்குப் பதிப்புரிமை உண்டு, எனவே நீக்குங்கள் என்று கேட்டார். மேல்முறையீட்டில் முதலில் வென்றார், 2015-இல் முழு அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. அவர் துயரம் உண்மையானது, ஆனால் பதிப்புரிமை அதற்கான சட்டம் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நானும் நினைக்கிறேன். படத்தில் தலை காட்டிய ஒவ்வொருவருக்கும் பதிப்புரிமை என்றால், கூட்டக் காட்சி உள்ள எந்தப் படமும் வெளியாக முடியாது.

இப்படிக் கடன் வாங்கிய ஆயுதத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை ஏழை எளியவர் மட்டும் எடுப்பதில்லை. தம் பழைய பேச்சை ஒருவர் மேற்கோள் காட்டி விமர்சித்தால், ஓர் அரசியல்வாதி “அந்தக் காணொளி எனக்குச் சொந்தம்” என்று புகார் கொடுத்து 21 நாளுக்கு வாயை அடைத்துவிட முடியும். தேர்தல் நேரத்தில் 21 நாள் என்பது ஒரு யுகம். விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி, சொந்தப் படிப்பு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 36 மணி நேரக் கெடுவில் நிற்கும் தளம் அதையெல்லாம் எடைபோட்டுக்கொண்டிருக்காது. புகார் வந்தால் தூக்கிவிடுவதே அதற்குப் பாதுகாப்பு.

பதிப்புரிமை அந்தரங்கத்தைக் காக்கும் கதை பாதிதான். அதைக் கடிக்கும் கதையும் இருக்கிறது. திருட்டு நகலைப் பிடிக்க வேண்டுமானால், யார் எதைப் பார்க்கிறார்கள், எதை அனுப்புகிறார்கள் என்று தெரிய வேண்டும். 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகளைக் கணினியில் போட்டவர்களுக்கு, கேட்காமலேயே ஒரு மறைவு மென்பொருள் உள்ளே இறங்கியது. நகலெடுப்பதைத் தடுக்கத்தான் வைத்தார்கள். அது கணினியின் பாதுகாப்பிலேயே ஓட்டை போட்டது. ஐரோப்பாவில் இசை உரிமையாளர்களின் அமைப்பு ஒன்று, இணையச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பரிமாற்றம் முழுவதையும் எந்நேரமும் வடிகட்ட வேண்டும் என்று உத்தரவு வாங்கப் பார்த்தது. 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மறுத்துவிட்டது. பதிப்புரிமையும் சொத்துரிமை என்ற வகையில் காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் தனிநபர் தரவு, தகவல் பெறும் சுதந்திரம், தொழில் நடத்தும் சுதந்திரம் ஆகியவற்றோடு அதை எடைபோட வேண்டும் என்றது. எது பெரியது என்ற உங்கள் கேள்விக்கு நீதிமன்றங்கள் பொதுவாகத் தரும் பதில் இந்த மாதிரியே இருக்கும். எடைபோடுவார்கள், ஒன்றை இன்னொன்றின் தலையில் ஏற்றி வைக்கமாட்டார்கள்.

நம் ஊர் உதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. 2012-இல் ஒரு தமிழ்ப் படத்தின் தயாரிப்பாளர், திருட்டு நகலைத் தடுக்கப் பெயர் தெரியாத எதிரிகள் மீது தடையுத்தரவு வாங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ என்ற காணொளித் தளம் உட்படப் பல தளங்களை முழுதாக முடக்கிவிட்டன. ஒரு படத்துக்காக, அந்தப் படத்தின் பெயரையே கேட்டிராத ஆயிரக்கணக்கான சொந்தக் காணொளிகளும் மறைந்தன. அந்த ஆண்டு ஜூனில், குறிப்பிட்ட இணைய முகவரியைத்தான் தடுக்கலாம், முழுத் தளத்தை அல்ல என்று நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியிருந்தது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஒரு குறை. நகலெடுப்பதைத் தடுக்க வைக்கும் டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம் என்று 2012 திருத்தம் கொண்டுவந்த பிரிவு அது. விலக்குகளின் வரிசையில், பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைத்த தொழில்நுட்பத்தை மீறினால் குற்றமில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது உங்கள் மின்நூல், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த உளவை நிறுத்த நீங்கள் எடுக்கும் நடவடிக்கைக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. புட்டசாமி தீர்ப்புக்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் இதை எழுதியிருக்கிறது. அதே பிரிவில் ஒரு முரணும் உண்டு: சட்டம் தடுக்காத வேறொரு காரியத்துக்காகப் பூட்டைத் திறக்க இன்னொருவருக்கு உதவி செய்தால், அவருடைய பெயர், முகவரி எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

மரணத்துக்குப் பிறகு இரண்டும் அடியோடு பிரிகின்றன. பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டு வாழும். அந்தரங்கம் ஆளோடு போய்விடும். முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் பெற்றிருந்த அந்தரங்கமும் நற்பெயரும் வாரிசுக்கு இறங்குவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அவர் எழுதிய ஒரு கடிதம் இருந்தால் அதன் வாசகம் வாரிசுக்குச் சொத்து. அவர் வாழ்ந்த வாழ்க்கை யாருக்கும் சொத்து அல்ல. வரலாறு எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

வாழும்போதே பொது ஆவணத்தில் ஏறிவிட்டவரின் பாடு வேறு. குற்றச்சாட்டிலிருந்து விடுதலையான ஒருவர், தம் பெயரைத் தேடினாலே பழைய தீர்ப்பு வந்து நிற்கிறது என்று மதுரைக் கிளைக்குப் போனார். நீதிமன்றத் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் மறுபதிப்புச் செய்யலாம் என்பது பதிப்புரிமைச் சட்டம். நீதிமன்றப் பதிவுக்கு அந்தரங்கக் காப்பு இல்லை என்பது 1994 தீர்ப்பு. இரண்டு கதவும் மூடியிருந்தும், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க உத்தரவிட்டது. தீர்ப்புகளைத் தொகுத்து வழங்கும் இணையதளம் மேல்முறையீடு செய்ய, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. என் சாய்வு பெயரை மறைப்பதன் பக்கம். சட்டம் கற்க அந்த மனிதரின் பெயர் தேவையில்லை.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அது போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். 2023 ஆகஸ்டில் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் வந்து, நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து உயிர்பெறும்படி வைத்திருக்கிறார்கள். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும், ஆனால் அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகச் செய்யும் எதற்கும் சட்டம் பொருந்தாது. நீங்களே பொதுவெளியில் போட்ட தகவலுக்கும் பொருந்தாது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இணையத்தில் அள்ளும் படங்களை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள். உங்கள் படத்தை நீங்களே பொதுவில் ஏற்றியிருந்தால், தரவுச் சட்டம் விலகி நின்றுகொள்கிறது. படம் எடுத்தவருக்கு மட்டும் பதிப்புரிமை வழியாக ஒரு கேள்வி கேட்க இடமிருக்கிறது. அந்த வழியில்தான் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024-இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. படத்தில் இருப்பவர்களுக்காக அப்படி வழக்குப் போட ஆளில்லை.

இந்த ஓட்டையை அடைக்க டென்மார்க் அரசு 2025-இல் ஒரு வழியை முன்மொழிந்தது: போலிக் காணொளிகளுக்கு எதிராக, ஒவ்வொருவருக்கும் தம் முகம், குரல், உடல் தோற்றம் ஆகியவற்றின் மீது உரிமை தருவது, அதையும் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியே தருவது. பலர் பாராட்டினார்கள். எனக்குத் தயக்கம் உண்டு. பதிப்புரிமையின் இயல்பு, அதை விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம் என்பது. அடிப்படை உரிமையின் இயல்பு நேர்மாறு. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், குடிசைகளை அகற்றுவதைத் தடுக்கமாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று மாநகராட்சி சொன்னபோது, அடிப்படை உரிமையை யாரும் அப்படிக் கைவிட்டுவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். முகத்தைப் பதிப்புரிமைப் பட்டியலில் சேர்த்தால், புகார் கொடுத்தால் 36 மணி நேரத்தில் நீக்கும் கெடு கிடைக்கும். கூடவே, வேலைக்குச் சேரும்போது நீட்டும் படிவத்திலும், செயலியை நிறுவும்போது யாரும் படிக்காமல் அழுத்தும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானிலும், முகத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு வரி வந்து சேரும். பதிப்புரிமைக்கு இருக்கும் கெடுவையும் தண்டனையையும் அந்தரங்கச் சட்டத்துக்கே நேராகக் கொடுப்பது, நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தில் முடிக்கக்கூடிய வேலை.